மூச்சுக் கணக்கு

ஓட ஆரம்பிக்கப் போகிறேன். ஆரம்பித்துவிட்டேன் என்று சொல்லத் தைரியமில்லை. ஐம்பத்தெட்டு வயதில், பத்து வாரங்களாகத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். அதிகாலை ஐந்து மணிக்கு சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. மறுபடியும் ஒரு நிமிஷம் ஓட்டம். இப்படி அரை மணி. என்றாவது ஒரு நாள் பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட வேண்டும் என்பது உத்தேசம். விஷயத்தைக் கேள்விப்பட்ட கவிஞ நண்பர் ஒருவர் கேட்டார்: "ஓடறது சரி. எங்கே போறதுக்கு?"

கிண்டல்தான். ஆனால் அதை என்னால் கிண்டலாக மட்டும் விட்டுவிட முடியவில்லை. எங்கள் பகுதியில் ஓட்டத்துக்கு எப்போதும் ஒரு 'எங்கே' இருந்து வந்திருக்கிறது. 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் விடப்பட்டது. சுமார் முப்பது கிலோமீட்டர். குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் என்று இன்று நெருக்கியடித்துக் கிடக்கும் இந்த வாழ்க்கை முழுதும் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான். சைக்கிளைப் பூட்டிவிட்டு, டிபன் பாக்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எட்டு மணி வண்டிக்காகப் படிகளில் தாவுகிறவனை யாரும் எங்கே என்று கேட்டதில்லை. தான் ஓடுகிறோம் என்ற பிரக்ஞைகூட அவனுக்கு இருப்பதில்லை. அவன் வண்டி பிடிக்கிறான், அவ்வளவுதான். எதையும் பிடிக்காமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்கிற ஓட்டம்தான் விளக்கம் கேட்கப்படுகிறது. கேட்பவர் தவறு செய்யவில்லை. நானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

*

இத்தனை வருஷம் நான் ஓடாமலிருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. எங்கள் வீட்டில் ஓட்டம் விலக்கப்பட்டிருந்தது. நான் பிறப்பதற்குச் சில வருஷங்கள் முன்பு, 1961-ல், என் தந்தை தாம்பரம் சானடோரியத்தில் ஒன்பது மாதம் படுத்திருந்தார். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் ஆரம்பித்து, 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரி. ஒரு ரயில் நிலையமே அதன் பெயரால் விளங்குகிறது. அந்தக் காலத்தில் காசநோய்க்காரனுக்கு விதித்த வாழ்க்கை மூன்று சொற்களில் அடங்கும்: காற்று, ஆகாரம், ஓய்வு. படுத்திரு, பேசாதே, இருமலை அடக்கு. அப்பா குணமாகித் திரும்பினார். கூடவே ஒரு தத்துவத்தையும் கொண்டுவந்தார். மூச்சு ஒரு சேமிப்பு. அதைச் செலவழிப்பவன் ஊதாரி.

ஆயுள் வருஷக் கணக்கில் இல்லை, மூச்சுக் கணக்கில் அளந்து தரப்பட்டிருக்கிறது என்று நம் ஊரில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அப்பா அதை யோகிகளிடமிருந்து பெறவில்லை, வார்டில் பெற்றார். வண்டி நிலையத்துக்குள் வருவதைப் பார்த்தாலும் நடையைத் துரிதப்படுத்த மாட்டார். அடுத்த வண்டி வரும் என்பார். நாங்கள் தெருவில் ஓடினால், "ஓடாதேடா, இரைக்கும்." எங்கள் வீட்டில் இரைப்பு என்ற சொல்லுக்கு மரணத்தின் வாடை இருந்தது.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது வேறு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல உணவு, காற்று. இன்னொரு பிரிவு தங்கள் நெரிசலான வீடுகளிலேயே, அரை வயிற்று உணவோடு, ஓய்வுக்கு வழியில்லாமல். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து. ஒரு வருஷ முடிவில் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை. முடிவுகள் 1959-ல் வெளிவந்தன; உலகம் முழுதும் காசநோய் வைத்தியம் வீட்டுக்குத் திரும்பியது அதன் பிறகுதான். அதாவது என் தந்தையைக் காப்பாற்றியது மாத்திரை. ஆயுள் முழுதும் அவர் நன்றி செலுத்தியது ஓய்வுக்கு.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம்மைக் காப்பாற்றியது எது என்று நமக்கு எவ்வளவு தூரம் தெரியும்? தெரியாத இடத்தில் ஒழுக்கம் ஒன்றை நட்டுவைத்துக்கொள்கிறோம். அதன் நிழல் பிள்ளைகள்மீது விழுகிறது.

அப்பாவின் கணக்கிலேயே அப்பாவுக்குப் பதில் சொல்ல முடியும். தொடர்ந்து ஓடிப் பழகினால் ஓய்வு நேரத்து நாடித் துடிப்பு குறைகிறது. நிமிஷத்துக்குப் பத்து குறைந்ததாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்குப் பதினாலாயிரம் துடிப்பு மிச்சம். அரை மணி ஓட்டத்தில் கூடுதலாகச் செலவாவது இரண்டாயிரம் சொச்சம். ஊதாரிதான் சேமிக்கிறான். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் அது அசிங்கமாகத் தெரிந்தது. அப்பாவின் பேரேட்டிலேயே லாபக் கணக்கு எழுதிவிட்டு, அதிலிருந்து விடுதலை அடைந்ததாக நினைத்திருக்கிறேன். ஆரோக்கியத்துக்காக ஓடுகிறேன் என்பதும் வண்டி பிடிக்கிற ஓட்டம்தான். வண்டி கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

*

தயாராவது பற்றிச் சொல்ல வேண்டும்; நான் எதையாவது கற்றிருந்தால் அங்கேதான்.

தயாராவதன் முதல் வடிவம் கடைக்குப் போவது. என் முதல் மாதச் சம்பளத்தைப்போல் பல மடங்கு விலையில் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். 1978-ல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி, நாற்பது வருஷத்துக்கும் மேல் நிலைத்த தேசிய சாதனையை வைத்த ஷிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் பேர்பெற்றவர் என்பது ஷூ வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

இரண்டாவது வடிவம் சங்கல்பம். முதல் வாரம் நான் உடம்பின்மேல் ஏறி உட்கார்ந்து சவுக்கால் அடித்தேன். நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு முழுதும் வலி. மூன்று வாரம் நடக்க மட்டுமே முடிந்தது. அப்போது புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மூச்சிரைப்பு சில வாரங்களில் குறைந்துவிடுகிறது. இதயமும் ரத்த ஓட்டமும் சீக்கிரம் பழகுகின்றன. தசைநாண்களும் எலும்பும் மாதக் கணக்கில்தான் பழகும். எலும்பு இன்னும் விசித்திரம்: புதிய சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கையில் பழைய பகுதியை முதலில் கரைக்கிறது, பிறகுதான் புதியதைப் படியவைக்கிறது. வலுவடைவதற்கு முன் ஒரு கட்டத்தில் அது இன்னும் பலவீனமாக இருக்கிறது. 'என்னால் முடியும்' என்று குரல் கொடுக்கும் பாகம் முதலில் தயாராகிவிடுகிறது. சுமக்க வேண்டிய பாகம் வாய் பேசுவதில்லை. காயங்கள் இந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன.

இதை வாசிக்கும் சிலருக்கு இந்த இடைவெளி புதிதாக இருக்காது. இருபத்தைந்து வயதில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை ஆரம்பித்தோம். முதல் இதழில் எட்டுப் பக்கம் பிரகடனம். மூன்றாவது இதழோடு நின்றது. பணமில்லை என்று சொல்லிக்கொண்டோம். பணம் முதல் இதழுக்கும் இருக்கவில்லை. கருத்துகள் மாற ஒரு புத்தகம் போதும். அவற்றைத் தாங்கும் எலும்பு எங்களிடம் வளர்ந்திருக்கவில்லை. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ஆரம்பித்த 'எழுத்து' 1970 வரை 119 இதழ்கள் வந்தது. புத்தகப் பையைச் சுமந்துகொண்டு அவர் ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனதைச் சங்கல்ப பலம் என்று வியப்பது வழக்கம். எனக்கு இப்போது அது வேகம் பற்றிய விஷயமாகப் படுகிறது. தன்னால் தொடர முடிகிற வேகத்தை அவர் அறிந்திருந்தார்.

அந்த வேகத்துக்கு ஆரம்பக்காரனுக்குச் சொல்லப்படும் அளவுகோல் எளியது. ஓடும்போது பக்கத்தில் வருபவனிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தைகள் உடைந்தால் வேகம் அதிகம். நான் தனியாக ஓடுவதால் எனக்கு நானே பேசிக்கொள்கிறேன். ஏரிக்கரையில் நடக்க வரும் பெண்மணிகள் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.

*

மழை நாட்களில் ஏரிக்கரை சேறாகிவிடும். அப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மைதானத்துக்குப் போவேன். அங்கே இருபது, முப்பது பையன்கள் ஓடுகிறார்கள். போலீஸ் தேர்வு: 1500 மீட்டர், 7 நிமிஷம். அதைத் தாண்டினால்தான் அடுத்த கட்டம். நம் நாட்டில் தொலைதூர ஓட்டம் பெரும்பாலும் சீருடையோடு சேர்ந்தே வளர்ந்தது. ஷிவ்நாத் சிங் ராணுவத்தில் இருந்தவர். 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய புதுக்கோட்டைக்காரர் ஜி. லட்சுமணனும் அப்படியே.

அந்தப் பையன்களில் ஒருவன், இரவு வேலை முடித்து நேராக வருகிறவன், ஒரு நாள் என்னோடு சேர்ந்து நடந்தான்.

"சார், நீங்க எதுக்கு ஓடறீங்க?"

"எதுக்கும் இல்லப்பா. சும்மாத்தான்."

அவன் சிரிக்கவில்லை. போன தடவை நாலு செகண்டில் போயிற்று என்றான். ஒன்றரை வருஷம் தினமும் ஓடியிருக்கிறான். "அவ்ளோவும் வேஸ்ட் சார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பென்ஷன் நிச்சயமானவனுக்குத்தான் 'எங்கே' என்ற கேள்வி இல்லாத ஓட்டம் கிடைக்கும். அவனுடைய ஓட்டத்துக்குக் கூலி உண்டு, என்னுடையதற்கு ஓய்வு நேரம் உண்டு. என் ஓட்டத்தைச் சுதந்திரம் என்று அழைத்துக்கொள்வது வர்க்க சௌகரியத்துக்கு அழகான பெயர் வைப்பதாகும். பல நாள் மைதானத்தின் பக்கம் போகவில்லை.

ஆனால் அவன் சொன்ன 'வேஸ்ட்' என்ற சொல் விடவில்லை. ஒன்றரை வருஷம் அதிகாலையில் எழுந்து, உறங்காத கண்ணோடு ஓடி, உடம்பைத் தானே செய்துகொண்டவன், நாலு செகண்டில் எதுவுமே செய்யாதவனாகிவிடுகிறான். இப்படித் தீர்ப்பு எழுதுவது எந்தப் பேரேடு? அப்பாவுடையதுதான். வந்து சேர்ந்ததை மட்டும் வரவு வைக்கும் பேரேடு. பயனற்ற ஓட்டத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை என்றால், அதில் உண்மையாக நஷ்டப்படுகிறவன் நான் அல்ல. எனக்கு இழக்க ஒன்றுமில்லை. நஷ்டப்படுகிறவன் அவன். அந்த ஒன்றரை வருஷத்துக்கு வேலையைத் தவிர வேறொரு அர்த்தம் இருக்க முடியும் என்ற சாத்தியத்தை யாராவது காப்பாற்றிவைக்க வேண்டும். அவனுக்கு இப்போது அதற்கு அவகாசமில்லை.

இதை அவனிடம் சொன்னால் வேலை வாங்கித் தாருங்கள் என்பான். சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. என் தத்துவம் அவன் நாலு செகண்டைத் திருப்பித் தராது. எனவே சொல்லவில்லை. போன வாரம் திரும்பவும் மைதானத்துக்குப் போனேன். ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிடித்துக்கொண்டு நின்றேன். 6 நிமிஷம் 51 செகண்ட். குனிந்து முழங்காலில் கைவைத்து இரைத்தான். அந்த இரைப்பைக் கேட்டு நான் பயப்படவில்லை என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

நாளை ஏரிக்கரையிலிருந்து சானடோரியம் நிலையம் வரை போய்த் திரும்பலாம் என்றிருக்கிறேன். இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. வண்டி வருவது தெரிந்தாலும் வேகத்தைக் கூட்டுவதாக இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அப்பாவோடு எனக்குத் தகராறு இல்லை.