முடிவு தெரிந்தவன்

சரித்திரத்தைக் கதைபோலச் சொல்லும் புத்தகங்களில் வாசகனுக்கு ஒரு சலுகை உண்டு. புத்தகத்திலிருக்கும் யாருக்கும் தெரியாத முடிவு அவனுக்குத் தெரியும். 1933ல் பெர்லின் வந்துசேர்ந்த அமெரிக்கத் தூதர் டாட்டின் குடும்பம் பற்றி எரிக் லார்சன் 2011ல் வெளியிட்ட புத்தகம் இந்தச் சலுகையின்மேல்தான் நிற்கிறது. விருந்தும் நடனமும் நமக்குத் திகிலூட்டுகின்றன. அங்கே சிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அப்படியில்லை. இந்த இடைவெளிதான் சுவாரஸ்யம். அது நியாயமான சுவாரஸ்யமா என்பது கேள்வி.

விக்டர் க்ளெம்பரர் டிரெஸ்டனில் பேராசிரியர். பிறப்பால் யூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த மறுவருஷம், 1934ல், சொந்த வீடு கட்டிக் குடிபோகிறார். 1935ல் வேலை போகிறது. 1936ல் கார் வாங்குகிறார். அவருடைய நாட்குறிப்பில் இதையெல்லாம் படிக்கையில், 'போய்விடு' என்று கத்தத் தோன்றுகிறது. எரிச்சல்கூட வருகிறது. அந்த எரிச்சலில் நம் புத்திசாலித்தனம் ஏதுமில்லை. நாம் பின்னால் பிறந்தோம், அவ்வளவுதான்.

அறிகுறிகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. க்ளெம்பரரைப் போலவே 1881ல் பிறந்த ஸ்டெஃபான் ஸ்வைக், அதே 1934ல், வீட்டில் போலீஸ் சோதனை நடந்ததும் ஸால்ஸ்பர்க்கை விட்டு வெளியேறினார். 1942ல் பிரேஸிலில் மனைவியோடு தற்கொலை செய்துகொண்டார். தங்கிய க்ளெம்பரரோ, 1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்த குழப்பத்தில் தப்பி, 1960வரை வாழ்ந்தார். அதுவரை அவரைக் காத்தது, யூதரல்லாத மனைவி ஏவா அவரை விட்டு விலகாமலிருந்ததுதான். தங்கிப்போன மற்றவர்களில் மிகப் பலர் கொல்லப்பட்டார்கள். முடிவை வைத்து அளந்தால் போனவர் ஏமாளி, வீடு கட்டியவர் தீர்க்கதரிசி என்றாகும். அபத்தம்.

அப்படியானால் தீர்ப்பே கூடாதா? கூடும். அந்தந்த நாளில் கண்ணெதிரே இருந்ததை வைத்து மட்டும். 1942ல் யூதர்கள் செல்லப்பிராணி வளர்க்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. க்ளெம்பரர் தம்பதி தங்கள் பூனையைக் கொல்லக் கொடுக்க நேர்ந்தது. அந்த உத்தரவு அக்கிரமம் என்று அறிய, போர் எப்படி முடியும் என்று யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேலையிழந்தவரைப் பார்க்க வராமல் நின்றுவிட்ட சக ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதிர்காலத்தை அறியாதது குற்றமல்ல. நிகழ்காலத்தை அறியாததுபோல் இருந்தது குற்றம்.

கதையாகச் சொல்லப்பட்ட சரித்திரம் முதல் வகை அறியாமையையே நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது, அது சுவையானது. இரண்டாவதில் சுவை இல்லை. நாட்குறிப்பில் அதுதான் பக்கம்பக்கமாக இருக்கிறது.