எது மெட்டல் இசை?

ஒன்றற்குப் பெயரிடுதல் எளிது. அப்பெயருக்குள் எது அடங்கும், எது அடங்காது என வரையறுத்தல் அரிது. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிராமி விருது விழாவில் இவ்வுண்மை பலரறிய வெளிப்பட்டது. ஹார்ட் ராக், மெட்டல் ஆகிய இரண்டையும் இணைத்து அவ்வாண்டுதான் முதன்முறையாக ஒரு விருது வழங்கினர். மெட்டாலிகா குழுவே வெல்லும் எனப் பலரும் எதிர்பார்த்திருக்க, புல்லாங்குழலுக்குப் பெயர்பெற்ற ஜெத்ரோ டல் குழு வென்றது. அரங்கில் எதிர்ப்புக்குரல் எழுந்தது. மறு ஆண்டே இரண்டுக்கும் தனித்தனி விருதுகள் ஏற்பட்டன.

வேலியை மாற்றி நட்டார்கள், வினா தீர்ந்ததா?

ஓசையே இலக்கணம் என்பர் சிலர். மின்பெருக்கியை அளவுக்கு மீறி உழைக்கச் செய்து கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்குதல், நம் மரபு சட்சம், பஞ்சமம் என்னும் இரு சுரங்களை மட்டும் சேர்த்து ஓங்கி மீட்டுதல், இடிபோன்ற தாளம். இவையே மெட்டல் என்றால், பின்லாந்தின் அபோகலிப்டிகா குழுவை எங்கே வைப்பது? நால்வர் நான்கு செல்லோக்களை மட்டும் கொண்டு மெட்டாலிகாவின் பாடல்களை இசைத்து 1996இல் ஒரு தொகுப்பு வெளியிட்டனர். அதில் கிதாருமில்லை, முரசுமில்லை, குரலுமில்லை. எனினும் மெட்டல் ரசிகர்கள் அவர்களைத் தம்மவராகவே ஏற்றனர்.

பொருளே இலக்கணம் என்பர் வேறு சிலர்: இருளையும் சாவையும் அலகையையும் பாடுவது அது என்பது அவர்தம் கருத்து. ஆனால் அமெரிக்காவின் ஸ்ட்ரைப்பர் குழு 1980களில் இதே இசையில் கிறிஸ்துவைப் பாடியது; மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கூட்டத்தினரிடையே வீசியது. அதற்கும் முன்பே, இவ்வகையின் முன்னோடியான பிளாக் சாபத் குழு 1971இல் வெளியிட்ட மூன்றாம் தொகுப்பில், இறைநம்பிக்கையை வெளிப்படையாக ஆதரிக்கும் பாடலொன்று உண்டு. குழுவின் பாடலாசிரியர் கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 'சாத்தானின் இசை' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிய நம்முள் எத்தனை பேர் அதைக் கேட்டறிந்தோம்?

இலக்கணத்தை விட்டு, அதன் பிறப்பை நோக்குவோம். 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில், 17 வயது டோனி அயோமியின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இயந்திரம் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கிதார் நரம்புகளை அழுத்தும் விரல்கள் அவை. அவர் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய நரம்புகள் பூட்டி மீண்டும் மீட்டினார். பின்னர் நரம்புகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். பிளாக் சாபத்தின் கனத்த ஒலியில் அவ்விரல்களுக்குப் பங்குண்டு. தாழ்ந்த சுருதியைப் பின்வந்தோர் பலர் வழக்கமாகவே கொண்டனர். ஒருவரின் காயம் ஒரு மரபின் சாயலாயிற்று.

'விளையாட்டு' என்று நாம் சொல்லும் அனைத்துக்கும் பொதுவான ஒரே பண்பு இல்லை என்றார் மெய்யியலார் விட்கன்ஸ்டைன். ஒரு குடும்பத்தில் மூக்கு ஒருவரோடும் நடை மற்றொருவரோடும் ஒத்திருப்பது போன்ற உறவே அங்குள்ளது. மெட்டலும் அத்தகைய குடும்பமே. அப்படியாயின் எல்லாமே மெட்டல் ஆகிவிடாதா? ஆகாது. 1989இல் குரலெழுப்பியோர் எந்தச் சூத்திரத்தையும் கையில் வைத்திருக்கவில்லை. நெடுநாள் கேட்டுப் பழகியிருந்தனர். குடும்பத்தோடு பழகியவருக்கே சாயல் புலப்படும்.

எனவே, இன்னது இன்னதென்று தீர்ப்பிடும் உரிமை, பழகிக் கேட்டபின்னரே நமக்குக் கிட்டுகிறது. இசைக்கு மட்டுமன்று, பெயரும் கூட்டமும் சொல்லி நாம் ஒதுக்கிவைக்கும் மனிதருக்கும் இது பொருந்தும். நம் வீட்டுப் பிள்ளையின் அறையிலிருந்து அவ்விசை அதிரும்போது, 'நிறுத்து' என்று கதவைத் தட்டுகிறோம். ஒருமுறையேனும் உள்ளே சென்று, அவனருகே அமர்ந்து, முழுவதும் கேட்டுப் பார்ப்போம்.