பென்சில் கணக்கு

சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுத் திண்ணையில், சம்பளம் வந்த ஞாயிறு மாலை அம்மா ஏலச்சீட்டு நடத்துவார். இருபது பேர், தலைக்கு 500 ரூபாய், மொத்தம் 10,000. அவசரக்காரர் 2,000 தள்ளிக் கேட்டால் கையில் 8,000 கிடைக்கும். அம்மாவின் கமிஷன் 500. மிச்சம் 1,500ஐ இருபதால் வகுத்தால் 75. அந்த மாதம் ஆளுக்கு 425 கட்டினால் போதும். பேங்க் வாசல் மிதிக்காத பெண்கள் இதை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள்.

அவர்களுடைய கணவன்மார் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில் தங்கம் வெட்டினார்கள். வீட்டுத் தங்கமோ பெரும்பாலும் ராபர்ட்சன்பேட்டை அடகுக்கடையில் இருந்தது.

அப்பா வேலைக்குச் சேர்ந்த 1971இல்தான், இனி டாலருக்குத் தங்கம் தர முடியாது என்று அமெரிக்க அதிபர் நிக்சன் அறிவித்தார். அப்பாவுக்கு அது தெரியாது. 1991இல் நாடே தன் தங்கத்தில் ஏறக்குறைய 47 டன்னை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்த செய்தி மட்டும் எங்கள் தெருவுக்குச் சட்டென்று புரிந்தது. அதில் அப்பா வெட்டியது எத்தனை குந்துமணியோ!

சீட்டுக்கு எதை அடகு வைத்தோம்? மூன்றாம் மாதமே சீட்டு எடுத்த ஒருவர் சுரங்கத்தில் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுமாதம் அவர் மனைவி வந்து, "இந்த மாசம் பாதிதான்க்கா" என்று நீட்டினார். அம்மா பென்சிலால் குறித்துக்கொண்டார். பேனாவால் எழுதினால் கடன் மாதிரி இருக்குமாம்.

நம்பிக்கைதான் பணம் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். நானும் கொஞ்ச காலம் சொல்லித் திரிந்தேன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அதன்பின் அம்மா புதுச்சீட்டு சேர்க்கவில்லை. ஆட்கள் அதே ஆட்கள்தான், நாணயத்தில் குறையில்லை. "எந்தச் சம்பளத்த நம்பிக் கட்டுவாங்க?" என்றார். சங்கு ஊதினால் வேலை, மாதம் பிறந்தால் கூலி, யாரும் லைனை விட்டுப் போகமாட்டார்கள். நம்பிக்கைக்கு அடியில் இத்தனையும் இருந்திருக்கின்றன.

இப்போது விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். போன மாதம் நானும் அதில் போனேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் எதிர் சீட்டுப் பையன் போனில் ஒவ்வொருவராக வரவு பார்த்தான். சீட்டுதான். என்னையும் சேர்த்துக்கொள்வாயா என்று கேட்டேன்.

"டெய்லி இந்தப் பொட்டியிலதான் வருவீங்களாண்ணா?" என்றான்.