அண்டை வீட்டாரின் விசுவாசம்

ஆண்டவனுக்கும் ஓர் ஆத்மாவுக்கும் இடையே அந்தரங்கமாக நிகழ்வது பிறர் காதில் விழத்தக்கதுதானா என்ற கேள்வி எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. கத்தோலிக்கருக்கோ இது சற்றுக் கூர்மையாகவே எழுகிறது. வேதாகமம், திருச்சபையின் போதனை, தேவதிரவிய அநுமானங்கள் என்று அவர்களுடைய விசுவாசத்தின் ஆதாரங்களெல்லாம் முன்பே ஸ்தாபிக்கப்பட்டு நிற்கும்போது, தறி நெய்கிற ஒருவர் தமக்கு நேர்ந்ததைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்வதால் அவ்வாதாரங்களோடு புதிதாக எது சேரப்போகிறது?

இக்கேள்வியைச் சென்னிமலையில் இருந்துகொண்டு சிந்திப்பது பொருத்தமென்று எனக்குத் தோன்றுகிறது. மலைமேல் முருகனும் தெருத்தெருவாகக் கைத்தறிப் போர்வையும் என்று தமிழ்நாடு அறிந்திருக்கும் இவ்வூரில், கந்தர் சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் இதுவே என்று பக்தர்கள் போற்றும் சிரகிரியின் அடிவாரத்தில், கத்தோலிக்கர் சிறு தொகையினரே. சிறு தொகையினராக வாழ்வோர் ஒருவரையொருவர் பெயரால் மட்டுமின்றி, பட்ட கடனாலும் கண்ட நோயாலும் பிள்ளைகளின் கலியாணக் கவலையாலும் அறிந்திருக்கிறார்கள். இந்த அறிமுகமே பின்னால் நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு அஸ்திவாரம்.

தமிழகத்துப் பங்குகளில் அன்பியம் என்று வழங்கும் சிறு கூட்டம் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கூடுகிறது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ பயிற்சி நிலையத்தார் வகுத்து, பிற்பாடு ஆசிய நாடுகளிலும் பரவிய ஏழு படிமுறையையே பல கூட்டங்கள் பின்பற்றுகின்றன. ஆண்டவரை அழைத்து, சுவிசேஷப் பகுதியை வாசித்து, மனத்தில் தைத்த சொல்லையோ தொடரையோ அவரவர் வாய்விட்டுச் சொல்லி, சில நிமிஷம் மௌனமாயிருந்து, பிறகு அவ்வாக்கு தம் வாழ்வில் எதைத் தொட்டது என்பதை ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அதன்பின் செய்யவேண்டிய காரியம் பற்றி ஆலோசனை, முடிவில் சொந்த வார்த்தையில் ஜெபம். இவற்றுள் ஐந்தாவது படிக்குரிய விதி ஒன்றுதான் என்னைப் பெரிதும் கவர்ந்தது: ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுக்கவும் கூடாது, திருத்தவும் கூடாது, விளக்கம் கூறிப் பிரசங்கமாக்கவும் கூடாது.

இவ்விதி எவ்வளவு கடினமானது என்பதை ஒரு கூட்டத்தில் கண்ணாரக் கண்டேன். கீழே குழித்தறியும் மூலையில் தார் சுற்றும் ராட்டையுமாக இருந்த வீடு அது. பாய் விரிக்க இடம் போதாமல் சிலர் தறியின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கணவனை இழந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண்மணி, தம் முறை வந்ததும், "எனக்கென்னங்க தெரியும், படிக்காதவ" என்று தொடங்கி, "அவரு பொழைக்கோணும்னு வேண்டாத நாளில்லீங்க. பொழைக்கல. ஏன்னு சாமிகிட்டக் கேட்டாப் பதிலே வர்றதில்ல. ஆனா ராத்திரி ஜெபமாலையைக் கையில எடுக்காம இருக்கவும் முடியலீங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தார், கூட்டத்தை நடத்திய அம்மாள் அவர் முழங்கையை மெல்லத் தொட்டார், பெரியவர் அடங்கினார். அந்த விதி இல்லாதிருந்தால், அப்பெண்மணியின் கேள்விக்கு நாங்கள் அவசரம் அவசரமாகப் பதில் தேடி, அதற்குள்ளேயே அவருடைய விசுவாசத்தைப் புதைத்திருப்போம்.

நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்கள் அறிவுக்குரிய பிரமாணங்களைக் காண்டல், கருதல், உரை என்று வகுத்து, உரை என்பதை ஆப்தர் வாக்கியம், அதாவது நம்பத்தக்க மேலோரின் சொல், என்று கொண்டன. அயலாளின் விசுவாச அநுபவமோ இம்மூன்றில் எதிலும் சரிவர அடங்குவதில்லை. அவர் கண்டதை நான் காணவில்லை. அதை அநுமானத்தால் நிறுவவும் இயலாது. அவர் எனக்குக் குருவோ மேற்றிராணியாரோ அல்லர். ஆயினும் அவர் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சுற்றி அவருடைய வாழ்வு முழுதும் என் கண்முன் கிடப்பதால் வந்த கனம் அது. அப்பெண்மணி ஆஸ்பத்திரிக்கு நகையை அடகு வைத்தது எங்களுக்குத் தெரியும். பதினாறு முடிந்த மறுவாரமே அவர் ராட்டையில் உட்கார்ந்ததும் தெரியும். அந்நிய ஊர் மேடையில் முன்பின் அறியாத ஒருவர் ஒலிபெருக்கியில் கூறும் சாட்சியத்துக்கு இந்தச் சோதனை கிடையாது.

தியான மேடைகளில் நோய் நீங்கினதையும் கடன் அடைந்ததையும் நன்றியோடு சொல்வோரை நான் குறை கூற வரவில்லை. நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அங்கே ஜெயித்தவரின் கதைக்கே இடமிருப்பதால், வேண்டியது கிடைக்காமலே விசுவாசத்தைக் காத்து நிற்பவர், தம்மிடத்தில் ஏதோ குறை இருக்கிறது போலும் என்று எண்ணி வாய் மூடிக்கொள்கிறார். பங்கில் மிகுந்த ஆழமுள்ள விசுவாசம் பல சமயம் இவர்களிடத்திலேதான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சுவிசேஷமே இதற்குச் சாட்சி. உயிர்த்த ஆண்டவரைப் பற்றிக் கல்லறையிலிருந்து ஓடிவந்து சொன்ன பெண்களின் பேச்சை அப்போஸ்தலர்கள் வீண்பிதற்றல் என்று தள்ளினார்கள் என லூக்காஸ் எழுதிவைத்திருக்கிறார். உயிர்ப்பின் நற்செய்தி முதன்முதல் சொல்லப்பட்ட அவ்வேளையிலேயே கேட்பவர்கள் தவறினார்கள். பிறகு தோமையார், நம் பரங்கிமலையோடும் மயிலாப்பூரோடும் பரம்பரை இணைத்துப் பேசும் அதே தோமையார். பத்துப் பேரின் அநுபவத்தைக் கேட்டும் தம்மால் நம்ப இயலாது என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். எட்டு நாள் கழித்து ஆண்டவர் மீண்டும் வந்தபோது அவர் எங்கே இருந்தார்? அந்தக் கூட்டத்தின் நடுவேதான். நம்பாதவனென்று அவரை அவர்கள் வெளியே தள்ளவுமில்லை; அவரும் முறைத்துக்கொண்டு போகவுமில்லை. அந்த எட்டு நாளும் அவ்வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அன்பியம் நடத்துவோர் அதைச் சற்றே தியானித்துப் பார்க்கலாம்.

யார் சொல்லை யார் கேட்பது என்பது கொங்கு நாட்டுத் திருச்சபையில் பழைய வழக்கு. 1844-இல் புதுச்சேரியில் பொன்னாந்து மேற்றிராணியார் தலைமையில் கூடிய சங்கம் சுதேச குருக்களை உருவாக்குவதைப் பற்றித் தீவிரமாய் ஆலோசித்தது. 1850-இல் கோயம்புத்தூரின் முதல் அப்போஸ்தலிக்க விகாராகிய மரியோன் பிரேசிலாக் அந்த நோக்கத்துக்காகவே உழைத்தவர்; சாதி ஆசாரங்கள் பற்றி அவர் மனச்சாட்சியை வருத்திய சந்தேகங்கள் தீராததனால் பதவியைத் துறந்து போய், 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவினார். இன்று குருக்கள் சுதேசியர் ஆகிவிட்டனர். ஆனால் பண்ணையாரும் பண்ணையாளும், தறி முதலாளியும் கூலி நெசவாளியும் ஒரே பாயில் உட்கார்ந்து முறைப்படி பேசவும் கேட்கவும் செய்வது இன்னும் எல்லா ஊரிலும் கைகூடிவிட்டதென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இவ்வழக்கு கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1859-இல் ஆங்கிலேயக் குருவாகிய நியூமன், சத்தியத்தைக் குறித்து விசுவாசிகளின் கருத்தையும் அறிய வேண்டும் என்று எழுதியதற்காக ரோமையின் சந்தேகத்துக்கு ஆளானார். நாலாம் நூற்றாண்டில் மேற்றிராணிமார் பலர் ஆரியுஸ் மதத்தின் பக்கம் தடுமாறியபோது சாதாரண ஜனங்களே மெய் விசுவாசத்தைக் காத்தனர் என்பது அவர் காட்டிய சரித்திரம். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் கொள்கைத் திரட்டில், விசுவாசிகளின் முழுத் திருக்கூட்டமும் விசுவாசத்தில் தவற முடியாது என்று போதித்தது. 2021 அக்டோபரில் பிரான்சிஸ் பாப்பரசர் தொடங்கிவைத்த மாமன்றப் பாதை, பங்குகளில் ஜனங்கள் பேசுவதைக் கேட்டபின் மறைமாவட்டம், நாடு என்று ஏறி, 2023-இலும் 2024-இலும் ரோமையில் கூடிய மன்றத்தில் கர்தினாலும் இல்லறப் பெண்ணும் ஒரே வட்ட மேசையைச் சுற்றி, இடையிடையே மௌனத்தோடு, முறை வைத்துப் பேசும் நிலையை உண்டாக்கியது. நெசவாளர் வீட்டில் ஏழு படிமுறை செய்வதும் அதுவே.

லியோ பாப்பரசரின் காலத்திலும் இப்பாதை நிற்கவில்லை. 2028 அக்டோபரில் ரோமையில் ஒரு திருச்சபைப் பேரவை கூட இருக்கிறது. அதுவரை பங்குகளில் கூட்டங்கள் நடக்கும், அறிக்கைகள் மேலே போகும். அறிக்கையில் ஏற முடியாதவற்றைப் பற்றியே என் கவலை. ஒரு தறிவீட்டில் சொன்னது பொழுது சாய்வதற்குள் அடுத்த தெருவுக்கு எட்டிவிடும் சிற்றூரில், கேட்டதை அங்கேயே விட்டுவரும் ஒழுக்கம் இல்லாவிட்டால் மறுமுறை எவரும் உள்ளத்தைத் திறக்கமாட்டார்கள். இதைப் பங்குச் சாமியார் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். கூட்ட நேரத்தைத் தறி நிறுத்தும் வேளைக்கு வைக்க வேண்டும். உபதேசியாரும் பங்குப் பேரவைத் தலைவரும் கடைசியில் பேசட்டும். ராட்டை சுற்றுகிற அம்மாள் முதலில் பேசட்டும்.