வெல்ல வேண்டாத வாதம்

கொல்கத்தாவின் பழைய தெருக்களில் மாலை வேளையில் நடப்பவர்கள், வீட்டுத் திண்ணைகளிலிருந்து எழும் சூடான வாக்குவாதங்களைக் கேட்கலாம். இத்தகைய கூடிப்பேசுதலை வங்காளிகள் 'அட்டா' என்பர். பெரும்பாலும் பொருள் கால்பந்து. 1889-இல் தோன்றிய மோகன் பகான் உயர்ந்ததா, 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் உயர்ந்ததா? நூறாண்டுகளாகியும் முடிவு காணப்படவில்லை. காணும் ஆசையும் எவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை!

நியாய சாஸ்திரம் உரையாடலை மூவகையாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் பொருட்டு நிகழ்வது வாதம். வெற்றியை நாடுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையை நிலைநாட்டாமல் பிறர் கொள்கையைத் தகர்ப்பதிலேயே முனைவது விதண்டை. பொழுதுபோக்கு பற்றிய பேச்சு இவற்றுள் எதில் சேரும்? அங்கே அறிய வேண்டிய தத்துவம் இல்லாததால் அது வாதமன்று. ஜல்பம் போலத் தோன்றும். ஆனால் எதிர்ப்பக்கத்தவன் மெய்யாகவே மனம் நொந்து மறுநாள் திண்ணைக்கு வராவிட்டால், வென்றவனுக்கு மிஞ்சுவது என்ன? அவனின்றி அந்த இன்பமே இல்லை. ஆகவே, அங்கே நாகரிகம் என்பது வெறும் உபசாரமன்று. பேச்சு நிலைத்திருப்பதே அதனால்தான்.

மோகன் பகான் வென்றால் இறால், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன் என்று கேலி பேசுவது கொல்கத்தாவின் வழக்கம். அதில் எவர் மனமும் புண்படுவதில்லை. ஆனால் ஈஸ்ட் பெங்கால் அபிமானிகள் பலரது குடும்பங்கள், 1947 பிரிவினையில் ஊரையும் நிலத்தையும் இழந்து வந்தவை. 'அகதி' என்று இகழ்ந்தவுடன் பேச்சு பந்தை விட்டு விலகி, ஒருவனுடைய பாட்டனாரின் கண்ணீரைத் தீண்டிவிடுகிறது. எல்லைக்கோடு அங்கேதான் உள்ளது. குரல் உயர்வதை நான் குற்றமாகக் கருதவில்லை. மெல்லிய குரலிலும் நஞ்சு இருக்கலாம்.

1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இவ்விரு அணிகளும் ஆடியபோது பார்வையாளரிடையே கலவரம் மூண்டது. 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். ஆடுகளத்தில் நடுவர் இருந்தார். பார்வையாளர் வரிசையில் யார் இருந்தார்?

பண்டைய வாத சபைகளில் இரு தரப்பையும் சாராத மத்யஸ்தர் ஒருவர் அமர்ந்திருப்பார். திண்ணைக்கு அத்தகையவர் கிடைப்பதில்லை. பந்தில் பற்றில்லாதவன் அங்கே ஏன் வரப்போகிறான்? எனவே, வரம்பு மீறுபவனைத் தடுக்கத் தக்கவன் அவனுடைய கட்சிக்காரனே. எதிர்க்கட்சிக்காரன் கண்டித்தால் அதுவும் சண்டையின் ஓர் அங்கமாகிவிடும். தன் பக்கத்தானைப் பார்த்து, "போதும், அந்தச் சொல் வேண்டாம்" என்பவனுக்கோ துரோகிப் பட்டம் காத்திருக்கிறது. அதைத் தாங்கும் மனவலிமை எளிதில் வாய்ப்பதன்று.

2024 ஆகஸ்டு 18 அன்று நிகழவிருந்த இவ்விரு அணிகளின் ஆட்டம் பாதுகாப்புக் காரணத்தால் கைவிடப்பட்டது. ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட இளம் மருத்துவருக்கு நீதி கேட்டு, இரு அணிகளின் அபிமானிகளும் சால்ட் லேக் அரங்கின் முன் ஒன்றாக நின்றனர். அக்டோபர் 19 அன்று அதே அரங்கில் அணிகள் மோதின. மோகன் பகான் வென்றது; திண்ணையில் பழைய கேள்வி தீரவில்லை.