வேடிக்கை பார்க்கும் உரிமை

சூரியன் எல்லோருக்கும் பொது என்று சொல்கிறார்கள். மேடையில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள், கவிதை எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். முற்போக்குக் கவிதைத் தொகுப்பு எதை எடுத்தாலும் 'விடியல்' வராமல் இருக்காது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து எங்கள் சனங்களுக்கு விடியல் என்றால் கம்பெனி வண்டி. கிழக்கு வெளுக்கும் முன்னால் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். தூக்குவாளியில் சோத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஏற வேண்டும். எங்கள் அக்காமார் காலத்தில், பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளையும் தூக்கம் கலையாமல் அந்த வண்டியில் ஏற்றினார்கள். குழந்தை உழைப்புத் தடைச் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. சிவகாசிப் பிள்ளைகள் சம்பந்தமான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். சட்டமும் தீர்ப்பும் வந்த பிறகும் பெரியவர்களுக்கு வண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சூரியன் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்க்க ஏது நேரம்?

சூரியன் பொதுதான். அதை நின்று பார்ப்பதற்கான பொழுது பொதுவாக இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டு விசயத்துக்கு வருகிறேன்.

தீபாவளி முடிந்ததும் பயர் ஆபீஸ்களைக் கொஞ்ச நாள் மூடிப்போடுவார்கள். போனஸ் காசில் கடன் அடைத்தது போக மிச்சம் இருந்தால், தெருவில் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து ஒரு வேன் பிடிப்பார்கள். ராத்திரி கிளம்பினால் கோவில்பட்டி, திருநெல்வேலி, காவல்கிணறு தாண்டி விடியும் முன் கன்னியாகுமரி. கடற்கரையில் சூரிய உதயம். படகில் விவேகானந்தர் பாறை. 2000 சனவரி 1இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை. பகவதி அம்மன். திரும்புகிற வழியில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். எல்லாம் ஒரே நாளில். இந்த வேனில் நானும் போகிறவன். 'தலித் விடுதலை பேசுகிற நீங்கள் சனங்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?' என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம்மைத் தள்ளி வைத்த கோயிலைக் காசு செலவழித்துப் போய் அண்ணாந்து பார்ப்பது அடிமைப்புத்தியா, உரிமையா? மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

2

சுசீந்திரத்தில் இசைத் தூண்களைப் பற்றிச் சொல்வார்கள். ஆளுயரத்தை மிஞ்சி நிற்கும் அனுமாரைக் காட்டுவார்கள். 1926ஐ யாரும் காட்டுவதில்லை. அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1924இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டத்தின் தொடர்ச்சியாக 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம்.ஈ. நாயுடு முன்னின்றார். கருவறையை அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமையைத்தான் முதலில் கேட்டார்கள். அதற்கே 1930இல் மறுபடியும் போராட வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12இல்தான் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது.

எங்கள் மண்ணின் கதை இன்னும் பழையது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் 1897இல் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. சிவகாசி விசுவநாதசுவாமி கோயிலுக்குள் அவர்கள் நுழைவது பற்றிய தகராறு 1899இல் ஊரே கொள்ளை போகிற அளவுக்கு முற்றியது. 1939 சூலை 8இல் வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனவர்களில் கக்கன் உள்ளிட்ட தலித்துகள் ஐந்து பேர். கூடவே விருதுநகர்க்காரரான ஒரு நாடாரும் இருந்தார். அன்று ஒரே வாசலில் சேர்ந்து நின்றவர்கள் நாம். அதற்குப் பிறகு யார் யார் எங்கே போய் நின்றோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டிய கடமை முன்னால் போனவர்களுக்கு உண்டு.

இத்தனை பாடுபட்டுத் திறந்த வாசல். அதனால் போக வேண்டும் என்பார் ஒரு தரப்பு. எங்கள் தெரு அப்பத்தா ஒருவர் வேனை விட்டு இறங்க மாட்டார். 'நீங்க போங்கப்பா. எங்காத்தாள கோயில் தெருவுலயே நடக்க விடல. இப்ப நான் செருப்பக் கழட்டி வச்சிட்டுப் போயி அண்ணாந்து பாக்கணுமாக்கும்?' என்பார். அவர் அம்பேத்கரைப் படித்ததில்லை. ஆனால் அம்பேத்கர் வந்து சேர்ந்த இடமும் அதுதான். 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் முன் போராட்டத்தைத் தொடங்கியவர் அவர். 1933இல் கோயில் நுழைவு மசோதா வந்தபோது ஆதரிக்க மறுத்துவிட்டார். நாய்க்கும் இந்தியனுக்கும் இடமில்லை என்று பலகை வைத்த வெள்ளைக்காரன் கிளப்பில் போய் இந்துக்கள் கெஞ்சவில்லையே, நாங்கள் மட்டும் ஏன் கெஞ்ச வேண்டும் என்பது அவர் வாதம். வருணம் ஒழியாமல் கதவு மட்டும் திறந்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டார்.

அப்பத்தாவின் மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கும்பிடுவது, புறக்கணிப்பது என்ற இரண்டு வழிதான் நமக்கு என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு எங்கள் சனங்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: வேடிக்கை பார்ப்பது.

3

வேடிக்கை பார்ப்பது என்றால் கேவலமாக நினைக்கிறோம். 'சும்மா வேடிக்கை பாக்காம வேலையப் பாரு' என்று கங்காணி அதட்டுவார். கணக்குப் பார்த்தால், உழைக்கிறவனுக்குக் கடைசிவரை மறுக்கப்பட்டது இதுதான். கும்பிட நேரம் தருவான், திருவிழாவில் பறையடிக்கக் கூப்பிடுவான். சும்மா நின்று ஒன்றை அழகு என்று பார்க்க விடமாட்டான். அழகை ரசிப்பதற்கு ஓய்வு வேண்டும், கூச்சமில்லாமல் நிற்க ஓர் இடம் வேண்டும். இரண்டும் நம்மிடம் இல்லை. பயர் ஆபீஸில் பீஸ் ரேட். குழாய் உருட்டினால், சரம் பின்னினால், மருந்து செலுத்தினால்தான் காசு. ஒரு நாள் கடல் பார்க்கப் போனால் ஒரு நாள் கூலி போச்சு.

நாங்கள் செய்கிற பொருளின் பெயரைப் பாருங்கள்: வாணவேடிக்கை. அடுத்தவர் அண்ணாந்து பார்ப்பதற்கு நாங்கள் மருந்தில் கை வைக்கிறோம். அலுமினியப் பவுடர் படிந்த கையோடும் முகத்தோடும் சாயங்காலம் வண்டியை விட்டு இறங்குகிற பெண்களை யாரும் வேடிக்கை என்று பார்ப்பதில்லை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் வெடித்தபோது, முதல் சத்தம் கேட்டு ஓடிப்போனவர்களும் அடுத்த வெடிப்பில் செத்தார்கள். 'வேடிக்கை பாக்கப் போய்ச் செத்தாங்க' என்று பேசியவர்கள் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவனை இழுத்துப்போட ஓடியவனுக்கும் அதே பெயர்தான் கிடைத்தது. 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளத்தில் இருபது பேருக்கு மேல் போனார்கள். அந்த வருசமும் தீபாவளி வந்தது. வானத்தில் பூத்ததை ஊர் பார்த்தது.

ஆகவே எங்கள் சனங்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கடற்கரையில் நின்று சூரியனை வேடிக்கை பார்த்தால், அதை நான் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லமாட்டேன். கோயிலையும் அதே கண்ணோடு பார்க்கலாம் என்கிறேன். கும்பிடவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். கல்லைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம். மலையிலிருந்து இந்தக் கல்லை வெட்டியவன் யார், இழுத்தவன் யார், இழுத்தவனுக்குக் கஞ்சி காய்ச்சியவள் யார்? கட்டிய ராசாவின் பேர் இருக்கும். அவர்கள் பேர் இருக்காது.

ஆனால் சேரியின் பேர் இருக்கிறது. எம்.ஏ. தமிழில் கல்வெட்டு படித்தபோது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அதைப் பார்த்தேன். ராசராசன் கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்குச் சொல்லும்போது ஊர்நத்தம், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் வருசத்துக்கு முன்பு எங்கள் தெரு அந்தச் சுவரில் ஏறிவிட்டது; தெருக்காரன் உள்ளே போகத்தான் 1939 வரை ஆனது. பெரிய கோயிலின் அழகைப் பேசுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தபின்பும் அந்த விமானம் அழகாகத்தான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அழகாக இருப்பதாலேயே அது நியாயமாகிவிடாது என்றுதான் சொல்கிறேன்.

4

இது நம் ஊர்க் கோயிலுக்கு மட்டும் உள்ள சங்கடம் இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் ஜாவாவுக்குச் சுற்றுலா போய்வந்து போட்டோ காட்டினான். அங்கேயும் எங்கள் வேன் கணக்குத்தான்: விடிகாலையில் சூரிய உதயம், பிறகு போரோபுதூர், சாயங்காலம் பிரம்பானான். ஒன்று பௌத்தம், ஒன்று சைவம். இரண்டும் ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியவை. சுற்றிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம், யாரையும் சாதி கேட்பதில்லை. 'அது நம்ம புத்தர் கோயில்ண்ணே' என்றான் தம்பி. பௌத்தமே நம் பூர்வ சமயம் என்று 1907இல் தொடங்கிய தன் இதழில் அயோத்திதாசப் பண்டிதர் எழுதியதை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அந்தக் கோயிலுக்கு ஒரு மறைந்த அடித்தளம் இருக்கிறது. 1885இல்தான் அது தெரியவந்தது. வெளியே சுற்றிவரக் கல்லை அடுக்கி மூடியிருந்தார்கள். கட்டடம் சரியாமல் முட்டுக் கொடுக்க என்பது பலர் கருத்து. பிரித்து, படம் எடுத்து, மறுபடி மூடிவிட்டார்கள். இப்போது தென்கிழக்கு மூலையில் கொஞ்சம் மட்டும் பார்க்கலாம். அங்கே 160 புடைப்புச் சிற்பங்கள். மேலே உள்ள தளங்களில் புத்தரின் வரலாறு. கீழே மூடிக்கிடப்பதில் சாதாரணச் சனங்களின் வாழ்க்கை. மீன் பிடிக்கிறவர், சமைக்கிறவர், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர். கேட்கும்போது நமக்குச் சந்தோசமாக இருக்கிறது, உழைப்பாளியைச் செதுக்கியிருக்கிறானே என்று. ஆனால் அவை வினைப்பயனைச் சொல்லும் சிற்பங்கள். மீனையும் ஆமையையும் கொன்று சமைத்தவன் நரகத்தில் கொப்பரையில் வேகிறான். முகம் கோணிய மனிதர்கள் இருக்கும் சிற்பத்துக்கு மேலே 'விரூப' என்று எழுதியிருக்கிறது. அவலட்சணம் முன்வினையின் பலனாம்.

பிழைப்புக்கு மீன் பிடிப்பது பாவம், அவலட்சணமாகப் பிறந்தது முற்பிறவிக் கணக்கு என்கிற பேச்சை நாம் வேறு எங்கும் கேட்டதில்லையா? நம்மைச் சேரியில் வைத்ததற்குச் சொன்ன காரணம் இதே காரணம்தானே? புத்தர் கோயில் என்பதற்காக இதற்குச் சலுகை கொடுக்க முடியாது. அம்பேத்கரும் கொடுக்கவில்லை. 1956இல் பௌத்தத்துக்குப் போனவர், 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், முற்பிறவி வினை இந்தப் பிறவி நிலையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தைத் தள்ளிவிட்டார். நம்முடையது என்று உரிமை கொண்டாடுகிற இடத்திலும் மூடிய அடித்தளத்தைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். அந்தப் போரோபுதூரைச் சுற்றிப் பூங்கா அமைப்பதற்காக, அங்கே குடியிருந்த கிராமத்துச் சனங்களை 1980களில் வேறு இடத்துக்கு மாற்றியதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

5

கடைசியாக ஒன்று. சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். இதே தென்திருவிதாங்கூரில்தான் ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை போடப் போராடி, 1859இல் சாணார் பெண்களுக்கு மட்டும் ஓர் அரச உத்தரவு வாங்க முடிந்தது. அன்று போடாதே என்ற அதிகாரம், இன்று கழற்று என்கிறது. கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறேன். முன்னால் நிற்பவர் முதுகில் பூணூல் தெரிகிறது, என் முதுகில் ஒன்றுமில்லை. இருந்தாலும் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. சந்தோசம்தான். ஏன் கேட்பதில்லை? அங்கே என்னை யாருக்கும் தெரியாது. எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று தெரியாது. சுற்றுலாக்காரனுக்குக் கிடைக்கிற சமத்துவம், ஆள் அடையாளம் தெரியாததால் கிடைக்கிற சமத்துவம்.

அடையாளம் தெரிந்த இடத்தில் என்ன நடக்கிறது? திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் தலித்துகள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தது 2023 சனவரி 30இல், போலீஸ் பாதுகாப்போடு. அதே வருசம் சூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில், இந்தத் தகராறிலேயே பூட்டி சீல் வைக்கப்பட்டது. ஆயிரம் வருசக் கோயிலுக்குள் தாராளமாகப் போய்வருகிறவன், சொந்த ஊரின் சின்னக் கோயில் வாசலில் தடுக்கப்படுகிறான். தூரத்தில் டூரிஸ்ட், பக்கத்தில் பறையன், பள்ளன், சக்கிலியன்.

எனவே தோழர்களுக்கு என் பதில் இது. வேன் போகட்டும். சனங்கள் கடலைப் பார்க்கட்டும், கோபுரத்தைப் பார்க்கட்டும். போகிற வழியில் 1926இன் கதையையும் தஞ்சாவூர்க் கல்வெட்டையும் சொல்லிக்கொண்டு போவோம். இறங்க மறுக்கிற அப்பத்தாவுக்கு வேனிலேயே டீ வாங்கிக் கொடுப்போம். அவர் உட்கார்ந்திருப்பதும் ஒரு போராட்டம்தான். ஆனால் அங்கே கிடைத்த மரியாதையை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டதாக நினைத்து ஏமாற வேண்டாம். நாம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வேடிக்கை பார்க்கப் பொழுது: பயர் ஆபீஸில் கூலியோடு விடுமுறை. இன்னொன்று, வேடிக்கை பார்க்க இடம்: நம் பேரும் தெருவும் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு நடுவில், நம் ஊர்த் தேரை, கும்பிட இஷ்டமிருந்தால் கும்பிட்டு, இல்லையென்றால் கையைக் கட்டாமல் சும்மா நின்று பார்க்கிற இடம். முதலாவதை முதலாளியிடம் கேட்கிறோம். இரண்டாவதை ஊரிடம் கேட்கிறோம். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.