அனுப்புவோர் கடன்

கல்வியின் பொருட்டுப் பிரிதலைத் தமிழிலக்கணம் தனியொரு பிரிவாகவே எண்ணியிருக்கிறது. ஓதற்பிரிவு என்பது அதன் பெயர். கல்விக்காகப் பிரியும் காலம் மூன்றாண்டைக் கடத்தலாகாது என்று தொல்காப்பியர் எல்லையும் வகுத்தார். அவ்வெல்லை குறித்து உரையாசிரியர்கள் கூறும் விளக்கங்களுக்குள் நாம் இப்போது புகவேண்டியதில்லை. செல்பவனைப் பற்றி அந்நூல் பேசுகிறது. அவன் வரவு நோக்கி இருப்பவளைப் பற்றியும் பேசுகிறது. அவனை அனுப்பி வைப்பவர் என்று ஒருவர் அங்கே இல்லை. அக்காலத் தலைவன் தானே துணிந்தான், தானே சென்றான்.

இன்று அவ்வாறில்லை. கல்விக்காகக் கடல் கடக்கும் இளைஞனைப் பெரும்பாலும் ஒரு நிறுவனம் அனுப்புகிறது. நம் பொந்தியான் வட்டாரத்தில் அன்னாசித் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் பயில்கின்றனர். அவர்களுட் சிலர் ஒரு பருவம் அயல்நாட்டில் பயின்று வரவோ, கருத்தரங்கொன்றில் கட்டுரை படிக்கவோ, பல்கலைக்கழகத்தின் பொருளுதவியோடு விமானம் ஏறுகின்றனர். புறப்படுமுன் அவர்கள் நிரப்ப வேண்டிய தாள்கள் பல. மருத்துவச் சான்று, காப்புறுதி, பெற்றோர் இசைவு, கடப்பிதழின் படி, தங்குமிட முகவரி என்று அவை நீளும். கடைசியில், நேரக்கூடிய இடர்களுக்கு அனுப்பும் நிறுவனம் பொறுப்பேற்காது என்னும் உறுதிமொழித் தாளொன்றும் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கடைசித் தாளைப் பற்றியே நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஒருவனை அயல்நாட்டுக்கு அனுப்புபவர் அவன் நலத்திற்கு எம்மட்டும் கடன்பட்டவர்? ஒரு கையொப்பம் அக்கடனைத் தீர்த்துவிடுமா?

பல்கலைக்கழகமொன்று தன் செலவில் ஒரு தமிழரைக் கடல் கடந்து அனுப்பிய நிகழ்ச்சிகளுள் நாம் நன்கறிந்தது சீனிவாச இராமானுஜனின் பயணமே. சென்னைத் துறைமுகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த அவர், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குத் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914 தொடக்கத்தில் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்த நெவில் என்பார் ஹார்டியின் சார்பில் அவரை அழைத்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஈராண்டுக்கு வழங்க முன்வந்தது. கப்பற் கட்டணத்தையும் உடைச் செலவையும் ஏற்றுக்கொண்டது. அதில் ஒரு பகுதியைப் பெற்றோருக்குக் கொடுத்துவிடும்படி இராமானுஜன் ஏற்பாடு செய்தார். ஆகவே பணத்தில் குறைவிருந்தது என்று எவரும் சொல்வதற்கில்லை.

பயண ஏற்பாட்டிலும் குறைவிருந்ததாக அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அவருக்கு மேனாட்டு உடை வாங்கப்பட்டது. கழுத்துப்பட்டை அணியவும் கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணவும் பழக்கினார்கள். தாயும் மனைவியும் கும்பகோணம் புறப்பட்டுச் சென்ற பின்னர், குடுமியையும் களைந்தார்கள். 1914 மார்ச் 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னையை விட்டுப் புறப்பட்டது. ஏப்ரல் 14-இல் இலண்டனில் நெவில் அவரை எதிர்கொண்டார். தம் இல்லத்திலேயே சில வாரங்கள் தங்கவும் வைத்தார். பின்னர் அவர் டிரினிட்டிக் கல்லூரி அறைக்குக் குடிபெயர்ந்தார்.

பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்பட்ட மகலநோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். அவர் ஒரு நாள் இராமானுஜனின் அறைக்குச் சென்றபோது, அவர் கணப்பை ஒட்டினாற்போல அமர்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்கவில்லை என்றும், மேற்சட்டையை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு உறங்குவதாகவும் சொன்னார். மகலநோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் போதிய அளவில் இருந்தன. ஆனால் அவை மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. விரிப்பை விலக்கிக் கம்பளிகளுக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. மகலநோபிஸ் அதைக் காட்டிக் கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியைப் பலர் வேடிக்கையாகச் சொல்வர். எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றவில்லை. கத்தியும் முள்ளும் பிடிக்கக் கற்பித்தவர்கள் படுக்கையில் படுக்கக் கற்பிக்கவில்லை. ஏன்? உணவு மேசையில் பிறர் பார்ப்பார்கள். படுக்கையறையில் எவரும் பார்ப்பதில்லை. அந்த ஆயத்தத்தில் பெரும்பகுதி பிறர் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. இரவில் தனியே நடுங்கும் உடம்புக்காகச் செய்யப்பட்டது சிறிதே. இதில் எவரும் அவருக்குத் தீங்கு நினைத்தவரல்லர். ஆங்கிலப் படுக்கையில் எப்படிப் படுப்பது என்பது அந்நாட்டவருக்குப் பிறந்தது முதல் பழகிய செய்தி. அது கற்பிக்கத்தக்க அறிவு என்றே அவர்களுக்குத் தோன்றியிராது. அறிந்தவன் தன் அறிவை அறிவென்று உணராத இடத்தில்தான் அறியாதவன் இடருக்கு உள்ளாகிறான்.

அனுப்புவோர் கடன் எது என்பதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. செல்பவன் வயது வந்தவன், தானே விரும்பிச் செல்கிறான், பொருள் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்பார் ஒரு சாரார். விருப்பம் என்பது அறிவின்மேல் நிற்பது. தெரியாத ஒன்றுக்கு ஒருவன் இசைந்தான் என்று சொல்வது சொல்லளவில் சரியாக இருக்கலாம். அறத்தின்முன் அது நில்லாது. இருவருக்கும் இடையே அறிவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு உண்டோ அவ்வளவு கடன் அறிந்தவரைச் சாரும்.

அவ்வாறாயின், எல்லா இடரையும் நீக்கிய பின்னரே அனுப்ப வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இவர்கள் வழியிற் சென்றால் எவரையும் எங்கும் அனுப்ப இயலாது. இராமானுஜனின் தாயார் முதலில் மறுத்தார். நாமகிரித் தாயாரின் அருள்வாக்கைக் கனவிற் கேட்ட பின்னரே இசைந்தார் என்பர். அவர் மறுத்தபடியே மகன் நின்றிருந்தால் பாதுகாப்பாக இருந்திருப்பாரா? சென்னையிலேயே அவர் பல ஆண்டுகள் வேலையின்றி வறுமையில் வாடியவர். 1906-இல் சீதபேதியால் நலிந்தவர். வீட்டிலிருப்பதும் இடரற்றதன்று. போகாதிருத்தலைப் பாதுகாப்பு என்று பெயரிட்டு அழைப்பது, குறிப்பாகப் பெண்பிள்ளைகள் திறத்தில், நம்மவரிடையே இன்னும் இருக்கும் குறை.

இராமானுஜனின் வாழ்வில் பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. அவர் இங்கிலாந்து சேர்ந்த நான்காம் திங்களில் போர் மூண்டது. மரக்கறி உண்பவரான அவர் தம் அறையிலேயே சமைத்து, நேரங்கெட்ட நேரத்தில் உண்டார். போரினால் வேண்டிய உணவுப் பொருள்கள் அரிதாயின, கடற்பயணமும் அச்சத்துக்குரியதாயிற்று. ஈராண்டு என்று புறப்பட்டவர் ஐந்தாண்டு தங்க நேர்ந்தது. தாம் எழுதிய கடிதங்கள் கணவரைச் சென்றடையாமல் மாமியாரால் தடுக்கப்பட்டதாக ஜானகி அம்மையார் பிற்காலத்தில் கூறினார். 1917-இல் இராமானுஜன் நோயுற்று, மருத்துவ நிலையங்கள் பலவற்றில் மாறி மாறித் தங்கினார். 1918 தொடக்கத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று, நற்பேற்றால் காப்பாற்றப்பட்டார். அரச கழகத்தின் உறுப்பினரானதும் அதே ஆண்டில்தான். 1919-இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

எலும்புருக்கி நோய் என்றே அன்று பலரும் நம்பினர். 1994-இல் யங் என்பார் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அமீபாக் கிருமியால் கல்லீரலில் உண்டான நோயே அது எனக் கருதினார். முன்பு வந்த சீதபேதியின் தொடர்ச்சி என்பது அவர் முடிவு. இது முடிந்த முடிபன்று. எனினும், அவர் கூற்று மெய்யாயின், இராமானுஜனைக் கொன்ற பகை குளிர்நாட்டில் அவருக்காகக் காத்திருக்கவில்லை; சென்னையிலிருந்து அவரோடு கப்பலேறிச் சென்றது. மருத்துவச் சான்று நிரப்பும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். இழுப்பு நோயையும் வலிப்பையும் மனச்சோர்வையும் மறைத்துவிடும்படி சில பெற்றோரே அறிவுறுத்துகின்றனர். வாய்ப்புப் பறிபோகுமோ என்னும் அச்சமே காரணம். முன்பே உள்ள நோயை மறைத்துப் பெற்ற காப்புறுதி பல வேளைகளில் செல்லாததாகிவிடும். அதைவிடப் பெரிது, மயங்கி விழுந்தவனுக்கு மருத்துவம் பார்க்கும் அயல்நாட்டு மருத்துவர் இருட்டில் துழாவ நேரும்.

செல்பவனுக்கும் கடன் உண்டு என்று இதனால் விளங்கும். அது கேட்டல், சொல்லல் என்னும் இரண்டே. இராமானுஜன் குளிரைச் சகித்தாரேயன்றிப் பக்கத்து அறைக்காரரைக் கேட்டாரில்லை. ஹார்டியும், நாள்தோறும் புதிய தேற்றங்களோடு வந்தவரிடம் கணக்கையன்றி வேறு மிகுதியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. கேளாதவர் இருவர் ஒருவரையொருவர் மதித்து அன்பு பாராட்டிய நட்பு அது. நம் பிள்ளைகளும் கேட்கக் கூசுபவர்களே. ஆசிரியர்முன் வாய்திறவாமை அடக்கம் என்று அவர்களுக்குப் பழக்கியவர்கள் நாம். அயல்நாட்டு விடுதியில் காய்ச்சலோடு கிடக்கையில் அந்த அடக்கம் அவர்களுக்கு எப்படி உதவும்?

அனுப்பிய பல்கலைக்கழகத்தின்மேல் இராமானுஜன் மனத்தாங்கல் கொள்ளவில்லை. 1919 ஜனவரியில், தமக்கு வழங்கப்படவிருந்த புதிய உதவித்தொகைக்கு நன்றி தெரிவித்து, தம் பெற்றோருக்கும் தம் செலவுக்கும் போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் பயன்படுத்துமாறு எழுதினார். பெருந்தன்மை மிக்க கடிதம். ஆனால் பெற்றவன் நன்றியுள்ளவனாக இருப்பதைக் கொண்டு கொடுத்தவர் கடன் தீர்ந்ததாகக் கணக்கெழுத முடியாது.

இக்காலத்து வசதிகள் வேறு. தொலைபேசி உண்டு, தூதரகம் உண்டு, வெளிநாட்டில் தங்கும் மலேசியர் தம் பெயரைத் தூதரகத்தில் பதிந்துகொள்ள வழியுண்டு. 2024 ஜூலையில் வங்காளதேசத்தில் கலவரம் மூண்டபோது, மாணவர் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட மலேசியர் தனி விமானத்தில் அழைத்துவரப்பட்டனர். எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களையே விரைந்து அழைத்துவர முடியும். பெயர் பதிதலைப் பிள்ளைகள் வீண்வேலை என்று தள்ளிப்போடுகிறார்கள். ஊரை விட்டுப் புறப்படுமுன்பே முடிக்க வேண்டிய பணி அது.

பல்கலைக்கழகங்கள் புறப்பாட்டுக்கு முன் நடத்தும் விளக்கக் கூட்டங்களில் விதிகளைச் சொல்கின்றன. விதிகள் வேண்டியவையே. எனினும் கம்பளிக்குள் புகும் வழியைக் காட்டியவர், முன்னரே அந்நாட்டில் வாழத் தொடங்கியிருந்த ஒரு மாணவர். சென்ற ஆண்டு சென்று மீண்ட பிள்ளையை, இவ்வாண்டு செல்லவிருக்கும் பிள்ளையோடு ஒரு மாலைப்பொழுது அமரச் செய்தால், எந்தக் கையேட்டிலும் இல்லாதவை வெளிவரும். நோன்பு நாளிலும் மரக்கறி உணவு எங்கே கிடைக்கும், எந்தத் தெருவில் இரவில் நடக்கலாகாது, மனம் ஒடிந்தால் எவர் கதவைத் தட்டலாம் என்பவை அவை. இது நம் ஊர்களிலேயே நடக்கக்கூடியது. தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் ஒன்றுகூடல்களில் விருந்துக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இனி அந்தக் கடைசித் தாள். அது மலாயிலோ ஆங்கிலத்திலோ சட்ட நடையில் எழுதப்பட்டிருக்கும். தோட்டத்திலும் ஆலையிலும் வேலை பார்க்கும் பெற்றோர் பலர், மகள் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகின்றனர். பொறுப்பேற்காது என்னும் வரிக்கு அடுத்தாற்போல், எவற்றுக்குக் காப்புறுதி உண்டு, அவசரத்தில் எந்த எண்ணை அழைப்பது, எவ்வளவு தொகை வரை மருத்துவச் செலவு ஏற்கப்படும் என்பனவும் இருக்கக் கூடும். அவற்றைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்ட அரைமணி நேரம் ஆகும். நற்சான்றுக் கடிதத்திற்காக அந்தப் பிள்ளை தன் பழைய பள்ளிக்கு வரும்போது, தாயையும் தந்தையையும் உடனழைத்து வரச் சொல்லலாம்.